கடைத் தொழிலாளி வீரணன்

ஜூன் 8, ஞாயிறு

உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் ஆம்ப்ளிஃபயருக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்தது. என்னைப் போன்ற ஒருவனின் வாழ்க்கை எழுதப்படாமல் போனால் நாட்டுக்குத்தான் நஷ்டம் என்பதால் இன்று தொடங்குகிறேன்.

பெயர் சீனிச்சாமி. திருமங்கலம் வெற்றி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு வாத்தியார் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். என் குரலைக் கேட்டு ரயிலே நின்றிருக்கிறது. மூன்று கட்சிக்காரர்கள் ஒரே மாலையில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மூவருக்கும் போய்ப் பேசியிருக்கிறேன். சினிமா நடிகை ஒருத்தி என் குரலில் மயங்கி என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டாள். கடை போய்விடுமே என்று மறுத்துவிட்டேன். அதனால்தான் இன்றுவரை பிரம்மச்சாரி.

வீரணன் நம் ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமாகக் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில் நம்மோடுதான் இருக்கிறான். சமையல் அவன்தான். நான் மைக்கில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் மிக்சரில் வால்யூமைக் குறைத்துவிடுவான். நடிகை கதை வந்தால் எனக்கே என் குரல் கேட்காது.

இன்று அக்கா மகள் நாகஜோதி வந்தாள். மதுரையில் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை. பெண்ணைத்தான் விரும்புவேன் என்று சொன்னதற்கு அவள் அம்மா துணிமணியைத் தெருவில் எறிந்தபோது, தாய்மாமன் நான்தான் கதவைத் திறந்து வாம்மா என்றேன். இது மாவட்டத்துக்கே தெரியும்.

கூட வந்தவர்கள் அவளுடைய கூட்டத்தார் இரண்டு பேர்: ஷெரின் என்ற பெண், நிரஞ்சன் என்ற பையன். இருபத்திரண்டாம் தேதி மதுரையில் இவர்களைப் போன்றவர்கள் நடத்தும் வானவில் பேரணி, முடிவில் மேடை. மைக் செட் நம்முடையது. அறிவிப்பும் நானே.

ஜோதி ‘லெஸ்பியன்’ என்று சொல்லி மேடையில் பேசலாமா கூடாதா என்று கடைக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது.

"காலேஜ்ல சதீஷ லவ் பண்ணுனது பொய்யாடி?" என்றாள் ஷெரின்.

"பொய்யின்னு எப்பவும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நீ இருபாலீர்ப்பு. அதுவும் நல்ல பேருதான், அத வச்சுக்க. எங்க பேர எங்களுக்கு விட்டுரு. நீ மேடையேறி லெஸ்பியன்னுட்டு ஒரு பையனையும் சொன்னேன்னு வையி, எங்க வீட்ல மறுநாளே, பாத்தியா உனக்கும் ஒருத்தன் வருவான்னு தரகரக் கூட்டிட்டு வந்துருவாங்க. உனக்கென்ன?"

ஜோதி அவள் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா துணிய எறிஞ்ச அன்னிக்கு எங்கிட்ட இருந்தது அந்த ஒரு வார்த்தைதான் ஷெரினு. அதச் சொல்லிக்கிட்டேதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். இப்ப வந்து குடுன்னா எங்கிட்டுக் குடுக்க? ரெண்டும் நான்தான்."

நிரஞ்சன் கையைத் தட்டினான். "இப்பிடியே போனா எல்லாரும் வருவாங்க. காலம்பூராம் ஒளிஞ்சு சொகமா இருந்துட்டு, தல நரைச்ச பெறகு, நானும் ஆம்பளைய விரும்புற ஆம்பள, ‘கே’ன்னு வர்றாங்க பாரு. அவங்களுக்கும் பேரு குடுப்பியா? நாங்க அடி வாங்கி வாங்குன பேருக்கா அது."

என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் விழுந்தது. எண்ணெய்க் கை.

பெரிய மனுஷன் இருக்கும்போது சின்னவர்கள் அடித்துக்கொள்வது அழகில்லை என்பதால் தீர்ப்புச் சொன்னேன்: "எந்தக் கட்சியிலயும் ஒரு ஆளுக்கு ஒரு உறுப்பினர் அட்டைதான். ரெண்டு வச்சிருந்தா ரெண்டும் செல்லாது." எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அறிவு என்பது படிப்பில் இல்லை.

வாயடைத்த நேரத்தில் நிரஞ்சன் வீரணன் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் எத்தன வருசமா ஒண்ணா இருக்கீங்க?" என்றான். வீரணன் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "இந்த ஊர்ப் பாலம் கட்டுறதுக்கு முன்னாடியே," என்று சொல்லி என்னைப் பார்த்தான். நான் உடனே நடிகை கதையைத் தொடங்கினேன். மைக் இல்லாததால் அவனால் குறைக்க முடியவில்லை.


ஜூன் 15, ஞாயிறு

பந்தல்குடியில் காதுகுத்து. குழாய் ஸ்பீக்கர் இரண்டு. கூட்டம் பத்தாயிரம். வீரணன் நூறு என்கிறான். அவனுக்கு எண்ணத் தெரியாது.


ஜூன் 19, வியாழன்

நிரஞ்சன் போன். மேடையில் எனக்கும் வீரணனுக்கும் சேர்த்து ஒரே பொன்னாடையாகப் போர்த்தப் போகிறார்களாம். "உங்கள மாதிரி மூத்தவங்கள மேடையில பாத்தா எங்களுக்கு ஒரு தெம்பு மாமா. அன்னிக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காதீங்க," என்றான்.

எங்களை மாதிரி என்றால் என்ன என்று கேட்க நினைத்தேன். சிக்னல் இல்லை.

வீரணனிடம் சொன்னேன். சாயங்காலம் வெள்ளைச் சட்டையை நீலம் போட்டு அலசிக் காயப்போட்டான்.


ஜூன் 22, ஞாயிறு

மாபெரும் வெற்றி! கூட்டம் ஐயாயிரம். போலீஸ் அதிகாரி ஒருவர் என் குரலைக் கேட்டு, வானொலியில் வேலை பார்த்தீர்களா என்று விசாரித்தார். எனக்கு வானவில் நிறத்தில் பொன்னாடை. கைதட்டல் காதைக் கிழித்தது.

ஜோதி மட்டும் பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும். மதுரைத் தண்ணீர் அப்படி.

வீரணன் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு நேராகப் பேரையூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ விசேஷம் போல.


ஜூன் 23, திங்கள்

வீரணன் காலை ஒன்பது மணிக்கு வந்தான். கையில் டிபன் பாக்ஸ். கடை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "வணக்கம் முதலாளி, இன்னைக்கு என்ன வேல?" என்றான்.

விளையாட்டுக்காரன். விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நாள் முழுவதும் குழாய் ஸ்பீக்கர்களைத் துடைத்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டான். ஆறு மணிக்கு, "வர்றேன் முதலாளி," என்று சொல்லிப் பேரையூர் பஸ் ஏறிவிட்டான்.


ஜூன் 24, செவ்வாய்

முதலாளி.


ஜூன் 25, புதன்

நானே சமைத்தேன். ஓட்டல்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய சாம்பார். பாத்திரத்தை ஊறப்போட்டிருக்கிறேன்.

பொன்னாடையை ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். இன்று வீரணன் அதை எடுத்து நான்காக மடித்து, தூசி படாமல் ஆம்ப்ளிஃபயரை மூடினான். "நல்ல துணி முதலாளி. கெட்டியா இருக்கு," என்றான். இருபத்தாறு வருஷமாக என்னைச் சீனி என்று கூப்பிட்டவன்.

டீக்கடையில், "என்னப்பா, வீரணன் தெனம் பஸ்ல வந்து போறான்? வீட்ல ஏதும் சண்டையா?" என்று கேட்டார்கள். தங்கச்சி மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் நான்தான் செலவு பார்க்கிறேன் என்று சொன்னேன். தங்கச்சி மாப்பிள்ளை போன வாரம் கபடி ஆடினதை அவர்களில் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள்.


ஜூன் 27, வெள்ளி

வாசலில் ஒரு துண்டு கிடந்தது. அவனுடையது. எடுத்து முகம் துடைக்கப் போய், துடைக்காமல் வைத்துவிட்டேன்.


ஜூன் 29, ஞாயிறு

ஜோதி வந்தாள். ஷெரின் தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனாள். சண்டை தீர்ந்ததா என்று கேட்டேன். "தீரல. வண்டி ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

பேரணி அன்று அவள் பேசாததற்குக் காரணம் தொண்டை இல்லை. இந்த டைரியில் அப்படி எழுதிவிட்டேன். நடந்ததை அவளே என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"யாரக் கேட்டு மாமா என்னய ஒரு அணியில சேத்தீங்க?"

நான் மைக்கில் சொன்னது இது. சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது, ஏனென்றால் சொல்லும்போது மிகவும் ரசித்துச் சொன்னேன்: "இதுநாள்வரை இங்குமங்குமாக இருந்த நமது அன்புச் சகோதரி நாகஜோதி அவர்கள், இன்று முதல் அதிகாரப்பூர்வமாக லெஸ்பியன் அணியிலிருந்து விலகி, இருபாலீர்ப்பு அணியில் தன்னை இணைத்துக்கொண்டு உரையாற்றுவார்!" கட்சி மாறி வருகிறவர்களை இப்படித்தான் வரவேற்போம். சால்வை போட்டு, கைதட்டச் சொல்வோம். சிலர் தட்டினார்கள். ஷெரின்கூடத் தட்டவில்லை. பாதியில் வீரணன் வால்யூமைக் குறைத்துவிட்டான், ஆனாலும் முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. ஜோதி மேடை ஏறி, மைக்கைப் பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள்.

"ஷெரின் என்னோட சண்ட போட்டா. அது எங்களுக்குள்ள. அவ பயம் அவளுக்கு, எனக்குப் புரியிது. நீங்க எதுக்கு மாமா நடுவுல முத்திரை குத்துறீங்க?"

"ஒரு ஆளுக்கு ஒரு அட்டை தாயி..."

"சரி. உங்க அட்டையக் காட்டுங்க."

நான் மிக்சர் ஒயரைச் சரி செய்தேன். சரியாகத்தான் இருந்தது.

"வீரண மாமா எங்க?" என்றாள்.

சிறு வயதிலிருந்து அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். எனக்கு மாமா, அவனுக்கும் மாமா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பேரையூரில் என்றேன். பொன்னாடை விஷயத்தையும் அவளே எடுத்தாள். அதையும் எழுதிவிடுகிறேன். நிரஞ்சன் எங்கள் இருவர் பெயரையும் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டான். வீரணன் மிக்சரை விட்டு எழுந்து, நீலம் போட்ட வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு படி ஏறிவிட்டான். கீழே யாரோ போனில் படம் பிடித்தார்கள். திருமங்கலத்து ஆள் யாராவது இருப்பானோ என்று கூட்டத்தைத் துழாவினேன். மைக் என் கையில் இருந்தது. "இவர் நமது கடைத் தொழிலாளி வீரணன்! ஒயர் இழுப்பார், பெட்டி தூக்குவார், சம்பளத்துக்கு மேலேயே உழைப்பார், அவருக்கும் ஒரு கைதட்டு!" என்று சொல்லி, பொன்னாடையை நான் ஒருவனே வாங்கிப் போர்த்திக்கொண்டேன். வீரணன் ஏறிய இரண்டு படியையும் இறங்கினான். அப்போது மிக்சரில் யாரும் இல்லை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"எங்கம்மா துணிய எறிஞ்சப்ப உங்க வீட்டுக் கதவத் தெறந்தது வீரண மாமா," என்றாள் ஜோதி. "நீங்க உள்ள டிவி சத்தத்தக் கூட்டி வச்சீங்க. ஊர் பூராம் நீங்க தெறந்ததாச் சொன்னப்ப, இருக்கட்டும் ஜோதி, அவனுக்கு அது ஒரு சந்தோசம்னு சொன்னாரு. நானும் விட்டுட்டேன்."

காதெல்லாம் சுட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டேதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "நிரஞ்சன் சொன்னானே தாயி... ஒளிஞ்சு இருந்தவனுக்கு அந்தப் பேரு கெடையாதுன்னு. நெசமா?"

அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவன் உங்களுக்குக் கெடையாதும்பான். ஷெரின் எனக்குக் கெடையாதும்பா. நீங்க மைக்குல எனக்கு ஒண்ணு ஒட்டிவிடுவீங்க. ஆளாளுக்கு அடுத்தவங்க பேருக்குக் காவல் நின்னா எப்பிடி மாமா? உங்களுக்கு அந்த வார்த்த பொருந்துச்சுன்னா எடுத்துக்கங்க, எவனும் பிடுங்க முடியாது. ஆனா வீரண மாமாவக் கேக்காம அவருக்கும் சேத்து ஒண்ணு வாங்கிட்டு வந்துராதீங்க."

மன்னிச்சுக்க என்றேன். மைக் இல்லாமல் என் குரல் இவ்வளவு சின்னதா?

"அடுத்த தடவ ‘நாகஜோதி பேசுவார்’னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் சொல்லிக்கிறேன்."


ஜூலை 1, செவ்வாய்

கே.

எழுதிப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்துதான். பேனா கனக்கிறது. ஜோதி இன்னொரு வார்த்தையும் சொன்னாள்: பால்புதுமையர். எங்களைப் போன்ற எல்லோருக்கும் பொதுப் பேராம். அறிவிப்புக்கு நல்ல எடுப்பான சொல். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று சொன்னபோது யாரையோ மேடைக்குக் கூப்பிடுவது போல இருந்தது. எவனும் ஏறி வரவில்லை.


ஜூலை 6, ஞாயிறு

கடைக்குள் நானும் அவனும் மட்டும். ஒயர் மடித்துக்கொண்டிருந்தான். முழங்கையில் கொக்கி போட்டுச் சுற்றுகிற அவன் பழக்கம். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"வீட்டுக்கு வா வீரணா."

"எந்த வீட்டுக்கு முதலாளி? நம்ம வேல ஆறு மணி வரைக்கும்தான்."

"நம்மள மாதிரி ஆளுகளுக்கு ஒரு பேரு இருக்காம். ஜோதி சொல்லுச்சு."

"நம்மளன்னா? முதலாளியும் தொழிலாளியுமா?"

அந்த ஓரெழுத்து வார்த்தையைச் சொன்னேன். சுற்றுவதை நிறுத்திக் கேட்டான். பிறகு மறுபடி சுற்றினான்.

"அந்தப் பயலுக அதுக்காக அடி வாங்கியிருக்கானுக. அவனுக வச்சுக்கட்டும். எனக்கு அது வாயில நொழையல. நீ வேணும்னா வச்சுக்க."

வச்சுக்க! முதலாளியைப் பார்த்து எந்தத் தொழிலாளியும் வச்சுக்க என்று சொல்லமாட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி.

"தப்புத்தேன்டா," என்றேன். "மனசார மன்னிப்புக் கேக்குறேன்."

"எங்கிட்டு வச்சுக் கேக்குற? கடைக்குள்ள, கதவச் சாத்திட்டு. என்னய வேலையாளுன்னு சொன்னது மைக்குல. தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. பேரையூர்ல என் தங்கச்சி போன்ல அந்த வீடியோவப் பாத்துட்டு, ஏன்ணே, அவரு வீட்ல நீ வேலைக்காரனாவா இருந்தன்னு கேட்டா. அவளுக்கு நான் என்ன சொல்ல? எனக்குப் பேரு வேணாம் சீ..." சீனி என்று வரவேண்டியதை விழுங்கினான். "சம்பளக்காரன்னு சொல்லாம இருந்தாப் போதும். ஒரு வார்த்தையும் சொல்லாம இருந்திருந்தாக் கூடப் பொறுத்திருப்பேன். இத்தன வருசம் அப்பிடித்தான இருந்தேன்."

ஆறு மணிக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். பெரிய பேச்சாளன் நான், பஸ் போகும்வரை வாசலில் கைகட்டி நின்றேன்.


ஜூலை 10, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கல்யாணம், உள்ளூர்க்காரர் வீட்டு விசேஷம். எல்லோரும் தெரிந்த முகங்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும்.


ஜூலை 13, ஞாயிறு

கல்யாணம் முடிந்து நன்றியுரை என்னுடையது. மண்டபத்துக்கு, சமையல்காரருக்கு, மேளக்காரருக்கு, போட்டோக்காரருக்கு, வரிசையாக நன்றி சொல்லி, கடைசியில் ஒலி அமைப்பு வெற்றி சவுண்ட் சர்வீஸ் என்று முடிப்பேன். எத்தனையோ கல்யாணத்தில் அப்படித்தான் முடித்திருக்கிறேன்.

மண்டபத்தில் அப்போது ஆயிரம் பேர் என்று எழுத வந்த கையை நிறுத்திவிட்டேன். இருந்தது இரண்டாம் பந்தி மட்டும். வாழை இலைக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் இரண்டாவது வரிசையில். உரக்கடைக்காரர் மூலையில். வீரணன் எனக்கு இடப்பக்கம், மிக்சருக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில். வேலைக்கு வந்த ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

நான் மைக் பிடித்து நடுங்கியதே இல்லை என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல முடியாது.

"ஒலி அமைப்பு, வெற்றி சவுண்ட் சர்வீஸ்," என்றேன். நிறுத்தினேன். வீரணன் ஒயரைப் பிடுங்கக் குனிந்தான்.

"அதில் நான் ஒருவன். இன்னொருவர், இதோ இருக்கிற வீரணன். போன மாதம் மதுரையில் ஒரு மேடையில் இவரை என் கடைத் தொழிலாளி என்று சொன்னேன். பயந்துபோய்ச் சொன்ன பொய். என் அக்கா மகள் வீட்டை விட்டு வந்தபோது கதவைத் திறந்தது நான் இல்லை, இவர். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்ட நடிகையும் கிடையாது. நான் பிரம்மச்சாரியும் கிடையாது. இவரும் நானும் இருபத்தாறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். குடும்பம். அவ்வளவுதான். நன்றி, வணக்கம்."

கூரை இடிந்து விழும் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் ரசம் கேட்டார். டீக்கடைக்காரர் அப்பளத்தை நொறுக்கப் போன கையோடு என்னைப் பார்த்தார், அப்புறம் வீரணனைப் பார்த்தார், அப்புறம் நொறுக்கினார். நாளைக்கு டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று தெரியாது. உரக்கடைக்காரர் அடுத்த வருஷம் டைரி தருவாரா என்றும் தெரியாது. உடம்பெல்லாம் வியர்த்து, முகம் எரிந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து என் குரல் எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை வந்தது. ஒயரைப் பிடுங்கக் குனிந்தவன் பிடுங்கவில்லை. அவன் கை மிக்சரில் வால்யூம் மேல்தான் இருந்தது, நான் கூட்டிச் சொல்லும்போதெல்லாம் இருக்குமே அந்த இடத்தில்.

குறைக்கவில்லை. ‘குடும்பம்’ என்ற இடத்தில் கொஞ்சம் கூட்டியிருக்கிறான்.